இரண்டு கன்னத்திலும் துரு

"பாஸ், இது காரா? இல்ல, கடலுக்கு அடியில இருந்து தூக்கினதா?" என்றான் குண்டூசி.

கையிலிருந்த கைபேசியில் தெரிந்த படத்தைத்தான் கேட்டான். எதிரே நின்ற கார் அப்படி இல்லை. அதுதான் பிரச்சினையே.

பாஸ் காரைச் சுற்றி நடந்தார். தெருவே அவரை பாஸ் என்றுதான் கூப்பிடும். அவரிடம் சம்பளத்துக்கு இருப்பது ஒரே ஓர் ஆள் என்பது தெருவுக்குத் தெரியாது. துப்பறிய வருவதற்கு முன், நசுங்கிய வண்டிகளைப் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பொய்தான் சொல்கிறார்கள் என்று விடாமல் எழுதியதால் மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள். அந்த ஒரே ஆள், குண்டூசி. உடம்பை வைத்து வந்த பெயர். வாயை வைத்து நிலைத்துவிட்டது.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். தூணுக்குத் தூண் ஒரு வண்டி. சிவப்புப் பட்டை போட்ட தூணுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைக் கார். வயது இருபதைத் தாண்டியிருந்தாலும், பெண் கேட்டு வரலாம் போல அப்படி ஒரு மினுமினுப்பு.

அதன் சொந்தக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரையெல்லாம் மேலே அனுப்பிவிட்டு, தான் கீழேயே நிற்கிற தொழில். வயது ஐம்பத்தைந்து இருக்கும். தலைமுடி மட்டும் இன்னும் கல்லூரி முதலாண்டிலேயே இருந்தது.

"நம்பர் பிளேட்டைப் பாருங்க சார். என் வண்டிதான்," என்றார் லிஃப்ட்காரர். "ஆன்லைன் ஏலத்துல போட்டோம். ஒரு வாரம் ஓடுற ஏலம். முதல் நாள் நல்ல படம்தான் இருந்துச்சு, நானே பார்த்தேன். நேத்து முடிஞ்சதும் ஆபீஸ்ல பசங்க காட்டிக் காட்டிச் சிரிக்கறாங்க. பார்த்தா இந்தப் படம்! நடுவுல யாரோ உள்ள பூந்து மாத்திட்டாங்க."

படத்தில் முகப்பின் இருபுறமும் பழுப்புத் துரு. கதவுகளில் சொறி. வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு குளம். படத்துக்குக் கீழே பொதுமக்கள் தங்கள் கருத்துகளைப் பதிவு செய்திருந்தார்கள். 'இதை வாங்கினா தடுப்பூசி இலவசமா?' என்று ஒருவர். 'ஓட்டிப் பார்க்கலாமா, இல்ல அள்ளித்தான் பார்க்கணுமா?' என்று இன்னொருவர். குண்டூசிக்கு இரண்டாவது பிடித்திருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"எவ்வளவுக்குப் போச்சு?"

"பழைய இரும்புக்காரன்கூட இதைவிட மரியாதையா குடுப்பான் சார். குட்டி இடின்னு ஒரு பேர்ல எவனோ ஜெயிச்சிருக்கான். சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாவி வாங்க வர்றான்."

"குடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்களேன்," என்றான் குண்டூசி.

"முடியாது தம்பி. ஏலம் முடிஞ்சா குடுத்துத்தான் ஆகணும். சாவி கை மாறுறதுக்குள்ள படம் பொய்னு நிரூபிச்சா மட்டும் ரத்து பண்ணுவாங்க. அதுவும் யார் மாத்தினாங்கன்னு பேரோட எழுதிக் குடுக்கணும்." லிஃப்ட்காரர் காரின் கூரையில் கையை வைத்தார். மாட்டைத் தடவுகிறவர் தடவுவது போல. "இதை விக்க எனக்கு மனசே இல்ல சார். வீட்டுக்காரிக்குன்னு சொந்தமா ஒரு கடை எடுத்துக் குடுக்கணும். எத்தனை நாளைக்குத்தான் இன்னொருத்தர் கடையில நிப்பா? அதுக்காகத்தான்."

பாஸ் முன்பக்க பம்பரை விரலால் தட்டினார். டொக் டொக் என்றது.

"குண்டூசி, இது எதுல செஞ்சது?"

"பிளாஸ்டிக்."

"படத்துல துரு எங்க ஆரம்பிக்குது?"

குண்டூசி படத்தைப் பெரிதாக்கினான். வாய் தானாகத் திறந்தது. "பம்பர்ல! பாஸ், பிளாஸ்டிக்குத் துரு பிடிச்சிருக்கு. இதை ஏலத்துல விட்டிருக்கக் கூடாது, விஞ்ஞானிங்ககிட்ட குடுத்திருக்கணும்."

"அந்தக் குளம்?"

"டிக்கிக்கு அடியில."

"எஞ்சின்?"

"முன்னாடி. ஆயில் முன்னாடி இருந்து கிளம்பி, யாரும் பார்க்காதப்ப பின்னாடி போய் ஒழுகியிருக்கு. கூச்ச சுபாவம்."

"கீழ போய்ப் பாரு."

குண்டூசி வண்டிக்கடியில் நுழைந்தான். உடம்பு வசதி. தரையை யாரோ நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். சிமெண்டுக் கீறலில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து மோந்து பார்த்தபடி வெளியே வந்தான். கைக்குட்டையில் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். இன்னும் அழகாகப் பிடித்துக்கொண்டது.

"ஆயில் இல்ல பாஸ். தலைக்குப் போடற டை. என் விரலுக்கு இனிமே வயசே ஆகாது."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"படம் இங்கேயேதான் எடுத்தது," என்றார் பாஸ். "இதே சிவப்புப் பட்டைத் தூண் பின்னாடி தெரியுது. எங்கயோ இருந்து எவனும் உள்ள பூந்து மாத்தல. நேரா இங்க வந்து, வண்டிக்குத் துரு பூசி, படம் எடுத்து, துடைச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க. யார் மேலயாவது சந்தேகம்?"

"மெக்கானிக்," என்றார் லிஃப்ட்காரர் உடனே. "ரொம்ப நாளா இந்த வண்டியைக் கேட்டுட்டே இருக்கான். சர்வீசுக்கு வர்றப்ப சாவியும் அவன்கிட்டதான் இருக்கும். அவன்தான் சார்." கொஞ்சம் நிறுத்தி, "அவனாத்தான் இருக்கணும்," என்றார்.

*

பட்டறையில் மெக்கானிக்கின் கால்கள்தான் இருந்தன. மற்ற பாகம் ஒரு வேனுக்கு அடியில் இருந்தது.

"வணக்கம்," என்றான் குண்டூசி கால்களிடம்.

"என்ன வண்டி?" என்றன கால்கள்.

"லிஃப்ட்காரரோட பச்சைக் கார்."

கால்கள் ஆர்வத்தில் நிமிர்ந்தன. மெக்கானிக் உருண்டு வெளியே வந்தார். "குடுக்கறாராமா? ஏலத்துல விடப் போறேன்னாரேன்னு நான் பார்க்கக்கூட இல்ல. நமக்கு எட்டாதுன்னு விட்டுட்டேன்."

பாஸ் படத்தைக் காட்டினார். மெக்கானிக் அதை முதலில் நேராகப் பார்த்தார். அப்புறம் தலைகீழாகப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, துடைத்த இடமெல்லாம் கிரீஸ் ஆனது.

"பம்பர்ல துருவா? என்னையா சந்தேகப்படறீங்க? சார், நான் ஏமாத்தணும்னா ஒழுங்கா ஏமாத்துவேன். முப்பது வருஷத் தொழில். இப்படிக் கேவலப்படுத்தாதீங்க."

"நீங்க இல்லன்னு படத்தைப் பார்த்தப்பவே தெரியும்," என்றார் பாஸ். "உங்க வாயால கேக்கலாம்னு வந்தேன்."

"இதுக்கு ஆட்டோ காசு வேற," என்றான் குண்டூசி.

பாஸ் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, படத்தின் நடுவே நிறுத்தி வைத்தார். "இடது பக்கம் எப்படி இருக்கு?"

"விளக்குக்குக் கீழ ஆரம்பிச்சு, அப்படியே வளைஞ்சு மேல போகுது. ஓரத்துல லேசா கலைஞ்சு மங்குது."

"வலது பக்கம்?"

"விளக்குக்குக் கீழ ஆரம்பிச்சு, அப்படியே வளைஞ்சு..." குண்டூசி நிறுத்தினான். "அதேதான் பாஸ்."

"மழை அளவெடுத்துப் பெய்யாது. துரு ஒரு பக்கம் தின்னும், இன்னொரு பக்கம் சும்மா நக்கிட்டுப் போகும். இதைப் பூசினவங்களுக்குக் கார் தெரியல. ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லன்னா அவங்களுக்குத் தூக்கம் வராது. யாரு?"

"மீசை வெட்டறவங்க?"

"கிட்ட வந்துட்ட." பாஸ் மெக்கானிக் பக்கம் திரும்பினார். ஆனால் அங்கே கால்கள்தான் இருந்தன. அவற்றிடமே கேட்டார். "லிஃப்ட்காரர் வீட்டம்மா என்ன தொழில் பண்றாங்க?"

"மேக்கப்," என்றன கால்கள். "முக்குக் கட்டடத்துல ஒரு பார்லர். அங்க ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்திருக்காங்க. அவங்க முடிச்ச முகத்தைப் பார்க்கணும் சார், கையில அப்படி ஒரு சுத்தம்."

குண்டூசி மறுபடி தன் கறுத்த விரலைப் பார்த்துக்கொண்டான். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் வரும். வரவில்லை.

*

பார்லரில் மூன்று நாற்காலிகள். கடைசி நாற்காலியில் ஓர் இளம்பெண்ணின் முகம் பாதி முடிந்திருந்தது. இடது கன்னம் ரெடி. வலது கன்னம் இன்னும் சொந்தக் கன்னமாகவே இருந்தது. லிஃப்ட்காரரின் மனைவி பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சார். இந்த முகத்தை முடிச்சுட்டு வந்துடறேன்."

"முடிங்க. அவசரம் இல்ல," என்றார் பாஸ். மணி நாலு. அவசரம்தான். "ஒரு கன்னத்தோட நிறுத்திட்டா என்ன ஆகும்மா?"

அவர் சிரித்தார். "எனக்குக் கை நடுங்கும் சார். இந்தப் பக்கம் ஒண்ணு வெச்சா, அந்தப் பக்கம் கை தானா போயிடும். பழக்கம்."

பாஸ் கைபேசியைக் கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவில் சாய்த்து நிற்க வைத்தார். "கார்லயும் தானா போயிடுச்சா?"

கை நின்றது. வலது கன்னம் பாதியில் நின்றது. நாற்காலியில் இருந்த பெண்ணின் ஒரு புருவம் மட்டும் மெதுவாக மேலே போனது.

"கண்ணை மூடிக்கோம்மா," என்றார் அந்த அம்மா அவளிடம். "முடிஞ்சா காதையும்."

குண்டூசி அலமாரியில் பாடிக்கொண்டிருந்த சிறிய ஸ்பீக்கரைப் பார்த்தான். அதில் ஒரு ஸ்டிக்கர். 'விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு – குட்டி இடி.'

"பாஸ், ஏலத்துல ஜெயிச்சவர் இங்க பாடிட்டிருக்கார்."

"என் தம்பி," என்றார் அவர். பஞ்சைக் கீழே வைக்கவில்லை. "சின்ன வயசுல அப்படித்தான் கூப்பிடுவோம். ஸ்பீக்கரைத் தூக்கிட்டு ஊர் ஊரா வாடகை வண்டி பிடிச்சுப் போறான் சார். பாதி சம்பாத்தியம் அதுலயே போகுது. ஒரு நாள் வீட்டுக்காரர் வேலைக்குப் போனப்ப கேக்காம இந்தக் காரை எடுத்துட்டுப் போனான். பின் லைட்டை உடைச்சுட்டான். கேட்டா, முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுன்னான். அன்னியில இருந்து அவன் நிழல்கூட வண்டி மேல விழக்கூடாதுன்னுட்டார். ஒரு பொய் சார். அதுக்கு ஆயுள் தண்டனையா?"

"அதுக்கு நீங்க இன்னொரு பொய்," என்றான் குண்டூசி.

"ஆமா. எங்க குடும்பத்துக்கே வரும் போல." பஞ்சை விரலால் பிய்த்தார். "தம்பிக்கே குடுங்கன்னு நான் கேட்டேன். கெஞ்சினேன். ஒவ்வொரு தடவையும், அந்தப் பயலுக்கு என் சாவியான்னு எழுந்து போயிட்டார். ஏலத்துல விலை ஏறினா தம்பியால தொட முடியாது. அதான். நான்தான் படம் போட்டேன், நான்தான் மாத்தினேன். யாரோ மாத்திட்டாங்கன்னு அவர்கிட்ட சொன்னதும் நான்தான்." பாஸை நேராகப் பார்த்தார். "கார் வித்தா எனக்குத்தானே கடை? எனக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். என் கடையைத்தானே என் தம்பிக்குக் குடுத்தேன்? இதுல அவருக்கு என்ன சார் நஷ்டம்?"

பாஸுக்குக் கணக்கு சரியாகத்தான் இருப்பது போலத் தோன்றியது. கைபேசியில் படத்தைத் தள்ளி, அடியில் இருந்த கருத்துகளைக் காட்டினார்.

"படத்துக்குக் கீழ ஊரே எழுதியிருக்கு. படிச்சீங்களாம்மா?"

"இல்ல."

"அவர் படிச்சிருக்கார். ஒண்ணு விடாம."

அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார்."

"என்னைக் கூப்பிட்டதே அவர்தான்மா."

*

கீழ்த்தளத்தில் லிஃப்ட்காரர் காருக்குள் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"ரத்து பண்ணிடலாம்," என்றார் பாஸ் ஜன்னல் பக்கம் குனிந்து. "நிரூபணம் இருக்கு. யார் மாத்தினாங்கன்னும் தெரிஞ்சு போச்சு."

"மெக்கானிக்தானே?"

"இல்ல."

"வேற யாராவது? பக்கத்து வீடு? வாட்ச்மேன்?"

"சார்..."

"சொல்லாதீங்க." லிஃப்ட்காரர் முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நேத்து ராத்திரியே நான் கீழ படுத்து மோந்து பார்த்துட்டேன் சார். ஞாயித்துக்கிழமை ஆனா என் தலைக்கு அவதான் டை போட்டு விடுவா. கிண்ணத்துல கலக்கி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருதான்னு கண்ணாடியில பார்த்துப் பார்த்து. அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

குண்டூசி விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். ஆனால் வாய் பழக்கம் விடவில்லை. "அப்புறம் எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"உங்க பாஸ் கெட்டிக்காரர்னு சொன்னாங்க தம்பி," என்றார் லிஃப்ட்காரர். "வேற யாரையாவது கண்டுபிடிச்சுடுவார்னு நினைச்சேன்."

பாஸ் தன் வாழ்க்கையில் எத்தனையோ வழக்குகளில் தோற்றிருக்கிறார். ஜெயித்துத் தோற்றது இதுதான் முதல்.

"அவன் பேரு குட்டி இடின்னு எனக்குத் தெரியாதா?" என்று லிஃப்ட்காரரே தொடர்ந்தார். "கார் போகட்டும் சார். இதுதான் வேணும்னு அடம் பிடிச்சு, சண்டை போட்டு, பிடுங்கிட்டுப் போயிருக்கலாம். அதை இவ்வளவு அசிங்கமாக்கி, ஊரைக் கூட்டிக் காட்டணுமா? துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தேனே, அது அவளுக்குத் தெரியாதா?"

சரிவுப் பாதையில் காலடிச் சத்தம். தொப்பி போட்ட ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி இறங்கி வந்தான். இடி என்று பெயர் வைத்துக்கொண்டவனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"மாமா..."

லிஃப்ட்காரர் காரிலிருந்து இறங்கினார். முகத்தில் நல்ல வியாபாரச் சிரிப்பு.

"வாங்க சார். ஏலத்துல எடுத்தது நீங்கதானே? குட்டி இடி?"

"மாமா, நான் வந்து..."

"இந்தாங்க சாவி. வண்டியைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். கதவை லேசா தூக்கிச் சாத்தணும் சார், அடிச்சுச் சாத்தினா கோவிச்சுக்கும். காலையில முதல் தடவை ஸ்டார்ட் ஆகாது. ரெண்டாவது தடவை ஆகும், அதுக்குள்ள திட்டிடாதீங்க. பின் லைட்டு ஒண்ணு புதுசா போட்டது. யார் உடைச்சாங்கன்னு தெரியல. முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"மாமா, தெரியாம பண்ணிட்டேன் மாமா."

"தப்பா நினைக்காதீங்க சார். நமக்குள்ள இந்த மாமா முறையெல்லாம் வேண்டாம். ஏலத்துல வந்த பழக்கம்தானே?"

இளைஞன் சாவியைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற பாத்திரத்தைக் கையில் வாங்கியவன் போல நின்றான்.

சரிவுப் பாதையில் இன்னொரு காலடிச் சத்தம். இது ஓட்டம். பார்லர் ஏப்ரன்கூடக் கழற்றாமல், கையில் பஞ்சோடு அந்த அம்மா வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"என்னங்க..."

லிஃப்ட்காரர் அதே சிரிப்போடு திரும்பினார்.

"வாங்க. நீங்க சார்கூட வந்தவங்களா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மனைவியை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. கோபத்தில் 'ஏய்' என்றிருக்கிறார். காய்ச்சலில் 'அம்மா' என்றுகூடச் சொல்லியிருக்கிறார். பஞ்சு கையிலிருந்து விழுந்ததை அந்த அம்மா கவனிக்கவில்லை. குண்டூசி கவனித்தான்.

"வண்டியைப் பார்த்துக்கோங்க," என்றார் லிஃப்ட்காரர் இருவருக்கும் பொதுவாக. பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் வந்தது. தனியாக ஏறி மேலே போனார்.

*

சில வாரங்கள் கழித்து, பாஸின் அலுவலகம் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது. கதவைத் திறந்து வைத்து, உள்ளே முதுகைக் காட்டியபடி யாரோ ஒரு வெள்ளைத் தலைப் பெரியவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும் பெரியவரே?" என்றான் குண்டூசி.

அவர் திரும்பினார். குண்டூசிக்கு அடையாளம் தெரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாஸுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"டை போடறதை விட்டுட்டேன் தம்பி," என்றார் லிஃப்ட்காரர், கேட்காமலே.

"கார் எப்படி இருக்காம் சார்?" என்றார் பாஸ். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா ஓடுதாம். தூக்கிச் சாத்தறதுக்கு மட்டும் மறந்துடறாங்களாம்." ஒரு ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு இன்னொன்றைக் கொஞ்சம் முறுக்கினார். எடுத்துவிட்டுச் சொன்னார். "வீட்டுல ஞாயித்துக்கிழமை ஆனா கிண்ணத்துல கலக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் பேப்பர் படிச்சுட்டிருக்கேன். காஞ்சு போனதும் எடுத்துட்டுப் போய்க் கழுவி வெச்சுடறா."

"எத்தனை நாளைக்கு சார்?" என்றார் பாஸ்.

"தெரியலை சார்," என்றார் அவர். "அவளும் நிறுத்தலை. நானும் திரும்பிப் பார்க்கலை."

குண்டூசி வாயைத் திறந்தான். வெள்ளை முடியைப் பற்றி நல்லதாக ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டிருந்தது. அவன் விரல் நகத்தின் ஓரத்தில் அந்தக் கறுப்பு இன்னும் மெல்லிய கோடாக மிச்சமிருந்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, அதை விழுங்கிவிட்டுப் படியேறினான்.